தட்டாமல் வைக்கிற கைகள்

பங்குனி

எதிர்வீட்டு அக்கா டம்ளரைத் தரையில் வைத்தால் சத்தம் கேட்காது. எவர்சில்வர் டம்ளர், சிமெண்டுத் தரை. நான் வைத்தால் 'ணங்' என்கிறது. அவர் வைக்கும்போது விளிம்பு ஒரு பக்கம் தொட்டு, பிறகு மெதுவாக மறுபக்கம் படிகிறது. 22 வருஷ பயர் ஆபீஸ் வேலை. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டு, "ஆபீஸ் வேலையா, நல்லது" என்பார்கள்.

பட்டாசு மருந்து இருக்கிற அறையில் எதையும் இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது, கீழே போடக் கூடாது. உரசலும் அடியும்தான் அங்கே எமன். செருப்பு வெளியே. உடுத்துவது பருத்தி. வாசலில் பதித்திருக்கும் உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தால், எழுவது சாப்பாட்டுக்குத்தான்.

அதே அக்காவை நேற்று ராத்திரி முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியில் பார்த்தேன். காப்புக் கட்டி மூன்றாம் நாள். வட்டத்தில் இருபது பெண்கள் இருப்போம். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, பக்கவாட்டில் நகர்ந்து ஒன்று. மற்றவர்கள் தட்டுவது ஒரு மாதிரி. அவர் தட்டுவது வேறு. விரல்களை விறைத்து, உள்ளங்கை முழுக்கப் படிய, அறைகிற மாதிரி. காலும் அப்படித்தான், குதிகாலை ஓங்கி இறக்குகிறார். டியூப்லைட் வெளிச்சத்தில் நகக்கண்ணில் வெள்ளி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அலுமினியப் பொடி. தேங்காய் எண்ணெய் தடவிச் சோப்புப் போட்டாலும் நகத்தோரம் கொஞ்சம் தங்கிவிடுமாம்.

பகல் முழுக்கத் தட்டாத கை என்று மனசில் ஓடியது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

*

ஒன்பது நாளும் ஆடினேன். பத்தாம் நாள் வலது முட்டி வீங்கிவிட்டது. முளைப்பாரி கரைக்கப் போன ஊர்வலத்தில் நான் ஆட்டோவில் போனேன். 49 வயதில் இது எனக்கு அவமானமாக இருந்தது. எனக்கு முன்னால் 68 வயதுப் பெரியம்மா தலையில் முளைப்பாரியோடு நடந்து போகிறார்.

சித்திரை

பிசியோதெரபி பார்க்கிற பெண் என் மகள் வயதுதான் இருப்பாள். முட்டியை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு, நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். ஏழாவது தடவை என்னால் முடியவில்லை.

"முட்டியில பெருசா ஒண்ணும் இல்லம்மா. தொடையில பலம் இல்ல. காலை ஓங்கி வைக்கும்போது அடியைத் தொடை வாங்கணும். அது வாங்காததால முட்டி வாங்கியிருக்கு."

அவ்வளவுதான் வைத்தியம். தினம் பத்துத் தடவை நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். கொஞ்சம் இளைப்பாறி இன்னொரு பத்து. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். பக்கவாட்டில் காலைத் தூக்க வேண்டும். ஒரு மாதம் போனால் நாற்காலியை விட்டுவிட்டு பஸ்கி.

பஸ்கி என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா ஞாபகம். அவர் காலத்துத் தேகப்பயிற்சிச் சாலையில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. கிராமத்துக் கோயில் வாசலில் இளவட்டக்கல் ஒன்று கிடக்கும், உருண்டையாக, பிடிக்க இடமில்லாமல். அதில் எடை எழுதியிருக்காது. தூக்கினான், தூக்கவில்லை என்ற இரண்டே கணக்கு. இப்போது பையன்கள் ஜிம்மில் கிலோ பார்த்துத் தூக்குகிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கிலோ தெரிந்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற முடியும். இளவட்டக்கல்லில் அந்த வசதி இல்லாமல் இடுப்புப் பிடித்துப் படுத்தவர்கள் எத்தனை பேரோ. பெண்களுக்கு என்று அந்த வாசலில் எந்தக் கல்லும் கிடந்ததில்லை. எங்களுக்குக் குடமும் கும்மியும்.

*

உட்காருவதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்கு வந்தார்கள். பிறகு பட்டாசு, அதற்கு லேபிள் ஒட்ட அச்சு. மழை பொய்க்கிற கரிசல் காட்டுக்கு அது சோறு போட்டது. களை எடுக்கவும் பருத்தி எடுக்கவும் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து நடந்த பெண்கள், குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் திரி வைக்கவும் உட்கார்ந்தார்கள். நூறு வருஷமாக இந்த ஊர் சம்மணம் போட்டிருக்கிறது. நான் உட்காருவது நாற்காலியில், அச்சகத்தில், தினசரி காலண்டருக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டு. என்னுடையது கொஞ்சம் கௌரவமான உட்காரல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தொடைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் மடக்கி வைத்தால் அது அங்கேயே தேங்கும். எதிர்வீட்டு அக்காவின் கணுக்காலைச் சாயங்காலம் விரலால் அழுத்தினால் குழி விழும், நிறைய நேரம் மூடாது.

வைகாசி

கும்மியை ஏன் பங்குனியோடு நிறுத்த வேண்டும் என்று கேட்டது நான்தான். "சாமி இல்லாம என்னத்தக் கும்மி" என்றார்கள். "சாமிக்குன்னு சொல்லாதீங்க, முட்டிக்குன்னு வச்சுக்கோங்க" என்றேன். அதற்குப் பெரியம்மாதான் முதலில் தலையாட்டினார். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் ஞாயிறும், எங்கள் வளவு மொட்டைமாடியில், ஏழு மணிக்கு. ஆட்டத்துக்கு முன்னால் பத்து பஸ்கி என்று ஒரு நிபந்தனை போட்டேன். அதில் மட்டும் முகம் சுளித்தார்கள்.

*

பாட்டில்தான் சண்டை வந்தது. கல்லூரிக்குப் போகிற பிள்ளை இரண்டு பேர் சினிமாப் பாட்டைப் போனில் போட்டுப் புளூடூத் டப்பாவில் வைத்தார்கள். ஆடினோம், நன்றாகத்தான் இருந்தது. கொலம்பியாவின் காலி நகரத்தில் பெரஸ் என்ற பயிற்சியாளர் ஏரோபிக்ஸ் கேசட்டை வீட்டில் மறந்துவிட்டு, கையிலிருந்த சல்சா, மெரெங்கே பாட்டைப் போட்டு வகுப்பை ஓட்டினாராம்; அதுதான் சும்பாவாக உலகம் சுற்றியது என்று சொல்கிறார்கள். கேசட்டை மறந்தவருக்கே இவ்வளவு என்றால், பாட்டைப் பாட்டி காலத்திலிருந்து மறக்காமல் வைத்திருக்கிற எங்களுக்கு என்ன குறை என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "எந்த ஊருத்தா அது?" என்றார்.

மூன்றாம் வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். போன் யாருக்காகவும் நிற்பதில்லை. பெரியம்மா பாடும்போது அவர் கண் வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யாராவது வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அடியை இழுக்கிறார். கை தட்டாமல் சும்மா நடக்கிற கதைப் பகுதியை இன்னொரு தரம் பாடுகிறார். வட்டம் தளர்ந்தால் முடுக்குகிறார். அவர் ஒரு வரி, நாங்கள் ஒரு வரி. அவர் பாடுகிறபோது எங்கள் நெஞ்சுக்கு ஓய்வு, நாங்கள் பாடுகிறபோது அவருக்கு. நடுத்தர உழைப்பில் ஆளால் பேச முடியும், பாட முடியாது. அதற்கும் மேலே போனால் நாலு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு விட வேண்டியிருக்கும். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர்கள் வைத்திருக்கும் எளிய கணக்கு இது. பெரியம்மா அந்தக் கணக்கைக் காதால் போடுகிறார். பதில் வரி சன்னமாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

இப்போது முதல் அரைமணி பெரியம்மா பாட்டு, கடைசிப் பத்து நிமிஷம் போன்.

ஆடி

அச்சகத்தில் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து மார்கழி வரை எங்களுக்குச் சீசன். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், 365 தாள். ஓர் எண் மாறினால் ஊரெல்லாம் திட்டும். நான் மூன்று செவ்வாய் கும்மிக்குப் போகவில்லை.

போகாத குற்ற உணர்ச்சியில் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடுத்தர உழைப்பு வேண்டும், தசைக்குப் பலம் தரும் பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. பங்குனியில் ஒன்பது ராத்திரி, ராத்திரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆடினால் 810 நிமிஷம். 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்குப் பதினைந்தரை. வருஷத்துக்கு ஒரு தடவை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மிச்ச நாள் பட்டினி கிடக்கிற மாதிரி. முட்டி வீங்கியதில் ஆச்சரியமே இல்லை.

நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன். ஒன்று நடையும் பஸ்கியும், இன்னொன்று ஆட்டம். முதல் பத்தியில் எண்கள் ஒழுங்காக இருக்கின்றன: பஸ்கி 10, 10, 12, 15. இரண்டாவது பத்தியில் எதை எழுதுவது என்று தெரியாமல், யார் யார் வந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆவணி

காலை ஐந்தேகாலுக்கு நடை. அரசாங்கம் 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்றது. நல்ல காரியம். ஆனால் நான் நடப்பது எங்கள் ரோட்டில்தான், போகப் போக ஆபீஸ் வேன்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி. வேன் ஜன்னலில் தூக்குவாளியோடு பெண்கள். கையாட்டுவார்கள். நடக்கிறவள் நான், வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். அந்த நேரத்தில் கையில் ஒன்றுமில்லாமல் வீசி நடப்பது எனக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தை மறைக்க ஒரு பால் தூக்கைக் கையில் எடுத்துப்போகும் பழக்கம் எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. போன வாரம்தான் விட்டேன்.

நடை முன்னால் மட்டும் போகிறது. அது நல்லதுதான், ஆனால் அதில் பக்கவாட்டு நகர்வு இல்லை. கும்மி முழுக்கப் பக்கவாட்டு நகர்வு. பிசியோ பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் காலைத் தூக்கச் சொன்னது இதைத்தான். இன்னும் கிழக்கே போனால் ராஜகம்பளத்தாரின் தேவராட்டம் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டி அதற்குப் பேர் போனது. அதில் பாட்டே கிடையாது; தேவதுந்துபி என்கிற உருமியின் அடிதான். கையில் கைக்குட்டை, காலில் சலங்கை, உட்கார்ந்து எழுந்து சுழல்வது. எங்கள் பஸ்கியைக் கூசவைக்கிற பஸ்கி அது.

*

மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 87-ஆவது வயதில். வள்ளி ஒயில்கும்மி வாத்தியார். ஆண்கள் மட்டும் ஆடிவந்த ஆட்டத்தில் பெண்களைச் சேர்த்தவர். இப்போது கொங்குப் பக்கம் வாத்தியார் வைத்து மாதக்கணக்கில் பழகி, அரங்கேற்றம் வைத்து, மைதானம் நிறைய ஒரே நிறச் சேலையில் ஆடுகிறார்கள். வீடியோ காட்டினேன். "இத்தன பேரா! யாரு சோறு பொங்குறது?" என்றார் எதிர்வீட்டு அக்கா. எல்லோரும் சிரித்தோம். அப்புறம் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏழு மணிக்கு மாடி ஏற வேண்டுமென்றால் ஆறேமுக்காலுக்குள் சோறு இறங்கியிருக்க வேண்டும், எங்கள் ஒவ்வொரு வீட்டிலும்.

*

ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் பிரேசில் நாட்டு மாணவர்கள் 264 பேரை ஆடவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. சிலர் ஒரே அடியில் சேர்ந்து ஆடினார்கள், சிலர் ஆளுக்கொரு அடியாக. சிலர் வேர்க்க வேர்க்க, சிலர் உட்கார்ந்தபடி கையை மட்டும் ஆட்டி. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் கட்டி, வலி தாங்கும் வரை இறுக்கிப் பார்த்தார்கள். வேர்த்தவர்கள் கூடுதலாக வலி தாங்கினார்கள். சேர்ந்து ஆடியவர்களும் தாங்கினார்கள், உட்கார்ந்து ஆடியிருந்தாலும். இரண்டும் தனித்தனியாக வேலை செய்கிறதாம்.

நான் இதை நம்புகிறேன், பட்டை கட்டாமலே. நாற்காலிப் பயிற்சியில் பதினாறாவது எழுச்சிக்குத் தொடை எரியும். வட்டத்தில் எத்தனை தடவை குனிந்தேன் என்று யாராவது எண்ணிச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புரட்டாசி

தீபாவளி நெருங்க நெருங்க வட்டம் சின்னதாகிறது. பன்னிரண்டு பேர் ஆறானோம். எதிர்வீட்டு அக்கா வந்து திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார்.

*

ஞாயிற்றுக்கிழமை பாட்டு நடுவில் ஒரு சத்தம். தூரத்தில், தரையை யாரோ உதைத்த மாதிரி. எங்கள் ஊரில் இந்தச் சத்தத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கை நிற்கும். அடுத்து, எந்தத் திசை. அடுத்து, புகை தெரிகிறதா. அதற்கப்புறம்தான் போன். மாடியில் நின்றிருந்ததால் நாலு பக்கமும் பார்த்தோம். புகை இல்லை. பெரியம்மா கை இரண்டும் தட்டப் போன நிலையிலேயே, ஒரு சாண் இடைவெளியில் நின்றிருந்தன. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பயர் ஆபீஸ் வெடிவிபத்து. 30 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் வேறு ஊர்ப் பெயர்கள். அந்தப் பெயர்களை இங்கே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

பத்து நிமிஷத்தில் தெரிந்தது, கல்குவாரி வெடி. "ஆடுவோம்" என்று கல்லூரிப் பிள்ளை சொன்னாள். வட்டம் சேர்ந்தது. கைதான் சேரவில்லை. தட்டினோம், சத்தம் வரவில்லை. எல்லோருமே அன்று மருந்து அறைக் கையோடு இருந்தோம். பெரியம்மா பாட்டை நிறுத்தி, "நடங்கத்தா, சும்மா சுத்தி நடங்க" என்றார். தட்டாமல் ஏழெட்டுச் சுற்று நடந்துவிட்டு இறங்கினோம்.

ஐப்பசி

தீபாவளி முடிந்தது. ஆபீஸ்கள் மூடியிருக்கின்றன. கையில் போனஸ், காலில் வேலை இல்லை. மழை விடுகிற நாளில் பதினாலு பேர் வரை மாடிக்கு வருகிறார்கள். எதிர்வீட்டு அக்காவின் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, ஆனால் சீக்கிரம் மூடியது. ஓய்வா, ஆட்டமா, சொல்ல முடியாது. இரண்டுமாக இருக்கலாம்.

*

பெரியம்மா சர்க்கரை மாத்திரை போட்டோமா இல்லையா என்று தினம் மருமகளிடம் கேட்கிறார். வள்ளி கதை பாட ஆரம்பித்தால் ஒரு சொல் பிசகுவதில்லை. நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து ஜோ வர்கீஸ் குழுவினர் 2003-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உடம்பை அசைக்கிற பொழுதுபோக்குகளில், மறதி நோய் குறைவாக வந்ததோடு சேர்ந்து தெரிந்தது நடனம் ஒன்றுதான். ஆடியதால் வரவில்லையா, நன்றாக இருந்த தலைகள்தான் ஆடினவா என்று நானே கேட்டுக்கொள்வேன். ஆனாலும் நடக்கும்போது மூளைக்கு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் நடந்துகொண்டே சந்திராஷ்டமம் திருத்துகிறவள். கும்மியில் அது முடியாது. இடதுபக்கத்தாள் கை, வலதுபக்கத்தாள் கால், பாட்டின் அடுத்த வரி, திரும்புகிற இடம். ஒரு நொடி காலண்டர் ஞாபகம் வந்தாலும் எதிராளியின் கைக்குப் பதில் காற்றைத் தட்டுவேன்.

மார்கழி

கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "பிள்ளைங்க படிக்குது. தலைக்கு மேல இடிக்கிற மாதிரி இருக்கு. மெதுவா ஆடக் கூடாதா?"

எதிர்வீட்டு அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. மெதுவாக வை என்று நாளெல்லாம் கேட்கிற சொல்லை ஏழு மணிக்கும் கேட்டால் என்ன செய்வது.

கீழ்வீட்டுக்காரர் மேல் தப்பில்லை. கான்கிரீட் எங்கள் முட்டிக்கும் ஆகாது. பிசியோ பெண் முதலிலேயே சொன்னாள், மண்ணில் ஆடுங்கள், மண் கொஞ்சம் அடியை வாங்கிக்கொள்ளும் என்று. அந்தக் காலத்தில் கும்மி ஆடியது களத்திலும் மண் தெருவிலும். ஆடின ஒவ்வொரு தெருவிலும் இப்போது சிமெண்ட் சாலை போட்டாகிவிட்டது.

தை

பொங்கலுக்கு மறுவாரம் ஓர் இடம் கிடைத்தது. தீப்பெட்டி ஆபீஸ் இருந்து மூடிப்போன இடத்துக்குப் பக்கத்து மனை. சொந்தக்காரர் மதுரையில். "ஆடிக்கிடுங்க, சுவர் மட்டும் எழுப்பிராதீங்க" என்று போனில் சொன்னார். கரிசல் மண், மழைக்கு இளகி இப்போது இறுகியிருக்கிறது. தெருவிளக்கு வெளிச்சம் பாதி மனைக்கு வருகிறது.

மனை முழுக்க நெருஞ்சி காய்ந்து கிடந்தது. வெறுங்காலோடு ஆடுகிறவர்களுக்கு அது ஆகாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்பது பேர் போனோம், ஆளுக்கொரு வாளி, இரண்டு விளக்குமாறு. விளக்குமாறு பெரிய செடியைத் தள்ளியது. முள் மண்ணிலேயே நின்றது. அதனால் குந்தி உட்கார்ந்து கையால் பொறுக்க வேண்டியதாயிற்று. ஓர் அடி நகர்ந்து குந்துவது, எழுவது, நகர்வது.

எதிர்வீட்டு அக்கா பொறுக்குகிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள்ளை இரண்டு விரலால் எடுத்து, வாளிக்குள் கையை முழுக்க இறக்கி, அடியில் வைத்துவிட்டுக் கையை எடுக்கிறார். நாங்கள் எல்லாம் மேலிருந்து போடுகிறோம். பிளாஸ்டிக் வாளிக்குள் முள்தானே, போட்டால் என்ன. அவரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

பெரியம்மா கல்லில் உட்கார்ந்து அந்தி பார்த்துக்கொண்டு மெதுவாக எதையோ முனகினார். யாரோ பதில் வரி சொன்னார்கள், குந்தியபடியே. இருட்டுகிறவரை பொறுக்கினோம். ஒன்றரை வாளி வந்தது. கிழக்கு மூலை பாக்கி இருக்கிறது, செவ்வாய்க்கிழமை டார்ச் கொண்டுபோக வேண்டும்.